முழு மாரத்தானில் 32-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு மனம் கைவிடுகிறது: என்ன செய்யலாம்?

அடையாற்று ஓட்டக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. மூன்று ஆண்டுகளாக ஓடி வருகிறேன். அரை மாரத்தானில் எனது சிறந்த நேரம் 2 மணி 5 நிமிடம். கடந்த ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான் (ஏறத்தாழ 42 கிலோமீட்டர்) ஓடினேன். நாலரை மணி நேரத்தில் முடிப்பதுதான் திட்டம். முதல் பாதியை 2 மணி 8 நிமிடத்தில் கடந்தபோது உடல் லேசாக இருந்ததால், நாள் நன்றாக அமைந்துவிட்டது என்றே நம்பினேன். 20-ஆவது கிலோமீட்டரில் ஒரு ஜெல் (ஓடும்போது உட்கொள்ளும் மாவுச்சத்துக் கூழ்ப் பொட்டலம்) எடுத்துக்கொண்டேன். மற்றபடி தண்ணீர் மட்டும்தான்.

32-ஆவது கிலோமீட்டரில், தசைப்பிடிப்போ பெரிய வலியோ இல்லாதபோதே, "இதெல்லாம் எதற்காக?" என்ற கேள்வி உள்ளே எழுந்தது, நடக்கத் தொடங்கிவிட்டேன். சாலையோரத்தில் ஒரு தன்னார்வலர் ஆரஞ்சுச் சுளையை நீட்டினார். அதை வாங்கக் கையை உயர்த்துவதே பெரும் வேலையாகத் தெரிந்தது. பெரும்பாலும் நடந்தே 5 மணி 22 நிமிடத்தில் முடித்தேன்.

நேரம் போனதை விட, எனக்கு மன உறுதி இல்லை என்ற எண்ணமே அன்று முதல் என்னை உறுத்துகிறது. காலை 4.30 மணிக்கு அலாரம் அடித்தால் அந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது, மீண்டும் படுத்துக்கொள்கிறேன். மன உறுதியைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா?

பன்னிரண்டு மாரத்தான்:

நண்பரே, உங்கள் மனத்தின் மீது நீங்கள் போட்டிருக்கும் பழியில் பெரும்பகுதி நியாயமற்றது. நீங்கள் கொடுத்த எண்களையே பாருங்கள். நாலரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 24 விநாடி போதும். முதல் பாதியில் நீங்கள் ஓடியது 6 நிமிடம் 4 விநாடி. அரை மாரத்தானில் முழு முயற்சியோடு எட்டிய நேரத்தை விட மூன்றே நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, அதன்பின் இன்னும் 21 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று உடலிடம் கேட்டிருக்கிறீர்கள்.

தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு, வேகமாகத் தொடங்கியவர்களுக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது வற்றத் தொடங்குவது வழக்கம். ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் மூளைக்கும் எரிபொருள் குறைகிறது. அப்போது வரும் எரிச்சலையும் வெறுமையையும் நாம் கோழைத்தனம் என்று தவறாகப் படித்துவிடுகிறோம். இத்தனை நீண்ட ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். ஒரு ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் 20 முதல் 25 கிராம்தான்.

2004-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லத் தோன்றுகிறது. சைக்கிள் வீரர்கள் மாவுச்சத்துக் கரைசலை விழுங்காமல், வாயில் கொப்பளித்துத் துப்பினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரச் சோதனையை, வெறும் நீரைக் கொப்பளித்த நாளை விடச் சுமார் 3 சதவீதம் விரைவாக முடித்தார்கள். வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. உணவு வருகிறது என்ற செய்தி மட்டும் மூளைக்குப் போனது. எனவே மனத்தை ஒரு பக்கமும் உணவை மறுபக்கமும் வைத்துப் பேச முடியாது. அலாரத்துக்கு எளிய வழி, 5 மணிக்குத் திருவான்மியூரில் உங்களுக்காக ஒருவரைக் காத்திருக்கச் செய்வதுதான்.

கடல் நீச்சல்காரி:

மேலே சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் வேகத்தையும் உணவையும் ஒழுங்காக வைத்துக்கொண்டாலும் அந்த நேரம் வரத்தான் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் கடலில் நெடுந்தொலைவு நீந்துபவள். துணைப்படகு சில அடி தள்ளி வந்துகொண்டே இருக்கும்; ஆனால் அதைத் தொட்ட கணமே நீச்சல் முடிந்ததாகக் கணக்கு. அரை மணிக்கு ஒருமுறை கயிற்றில் கட்டிய பாட்டிலை எறிவார்கள்; நின்ற நிலையில் மிதந்தபடி குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிட வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கிக் கரையைப் பார்ப்பேன். பார்க்கும்போதெல்லாம் அது அதே தொலைவில்தான் இருக்கும். கரையைப் பார்ப்பதை விட்டு, அடுத்த பாட்டில் வரை கைவீச்சுகளை எண்ணத் தொடங்கிய பிறகுதான் ஆறு மணி நேரத்தைத் தாண்ட முடிந்தது.

இன்னொன்று, அந்த நேரத்தில் மனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் இப்படித் தமக்குத் தாமே பேசிப் பழகியவர்கள், களைத்து நிற்கும் வரை சைக்கிள் மிதித்த நேரம் சராசரியாக 18 சதவீதம் கூடியது. எனக்கு வீர வசனங்கள் உதவியதில்லை. "தோளைத் தளர்த்து" என்பதுதான் என் வார்த்தை. அது செய்யக்கூடிய ஒரு காரியமாக இருப்பதால் மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. பயிற்சியில் களைத்துப்போன கடைசிக் கிலோமீட்டர்களில் சொல்லிப் பழகுங்கள்.

அடையாற்று ஓட்டக்காரன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 2 மணி 8 நிமிடத்தை இத்தனை நாளாகப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். வரும் ஞாயிறு 26 கிலோமீட்டரை மெதுவாகத் தொடங்கி, 40 நிமிடத்துக்கு ஒரு ஜெல் எடுத்து ஓடிப் பார்க்கிறேன். ஒரே ஒரு ஐயம்: நிறுத்து என்று சொல்வது மனத்தின் சாக்கா, உடலின் எச்சரிக்கையா என்று எப்படி அறிவது?

கடல் நீச்சல்காரி:

மிக முக்கியமான கேள்வி. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையை நீந்தி இந்தியக் கரையைத் தொட்டு, திரும்பவும் இலங்கைக்கே நீந்தி வந்தவர். மொத்தம் 51 மணி நேரம். அவரே 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். அந்த மனிதரிடம் உறுதி குறைவாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சலிப்பாகவோ வெறுமையாகவோ இருந்தால் வேகத்தைக் குறைத்து, இனிப்பாக ஏதாவது உட்கொண்டு, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த எண்ணம் மாறிவிடும். நெஞ்சு வலி, தலைசுற்றல், வெயிலில் ஓடும்போதே உடல் சில்லிட்டு மயிர்க்கூச்செறிதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று மருத்துவக் குழுவிடம் சென்றுவிடுங்கள். அந்த நிலையில் நமக்கே நம்மைப் பற்றித் தெரியாது என்பதால், இந்த முடிவை நான் என்னிடம் வைத்துக்கொள்வதில்லை. படகில் இருப்பவர்கள் என் கைவீச்சை எண்ணிக்கொண்டே வருவார்கள். எண்ணிக்கை இறங்கினால் என் தங்கை மகளின் பெயரைக் கேட்பார்கள். பதில் சொல்லத் தடுமாறினால் என்னைக் கேட்காமலேயே ஏற்றிவிடலாம் என்று கிளம்பும் முன்பே ஒப்புக்கொண்டுவிடுவேன். அடுத்த மாரத்தானில் உங்கள் வீட்டாரோ நண்பரோ 34-ஆவது கிலோமீட்டரில் வந்து நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.