கார்டு டெஸ்ட் நெகட்டிவ், ஆனா டாக்சிசைக்ளின் எழுதியிருக்காங்க. நிறுத்திடலாமா?

குடியாத்தம்காரன்:
அம்மாவுக்கு 58 வயசு, வேர்க்கடலைக் கொல்லிக்குப் போறவங்க. நாலு நாளா காய்ச்சல், தலைவலி மண்டையைப் பிளக்குதுங்கறாங்க. டெங்கு, மலேரியா இல்லை. உண்ணிக்காய்ச்சலான்னு பார்க்க ஸ்க்ரப் டைபஸ் (அதுக்கு இங்கிலீஷ் பேரு) கார்டுல ரத்தம் விட்டுப் பார்த்தாங்க, அதுவும் நெகட்டிவ். அப்புறமும் டாக்டர் டாக்சிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் 100 மி.கி. ரெண்டு வேளை எழுதிட்டார். இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து?

லேப்மாமா:
நிறுத்தாதீங்க தம்பி. நான் தினமும் இந்தக் கார்டு போடறவன். அது கிருமியைத் தேடறதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குற ஐஜிஎம்ங்கற எதிர்ப்பொருளைத் தேடுது. அது ரத்தத்துல தென்பட ஒரு வாரம் போல ஆகும். கார்டுல சி கோடு கார்டு வேலை செய்யுதான்னு காட்டும், டி கோடு வந்தா பாசிட்டிவ். நாலாம் நாள் சி கோடு மட்டும் வந்தா கார்டு ஒழுங்கா ஓடுச்சுன்னு அர்த்தம், நோய் இல்லைன்னு இல்லை. எங்க கவுன்ட்டர்ல இதைச் சொன்னா யார் கேக்கறா? ‘நெகட்டிவ்தானே’ன்னு சிரிச்சுக்கிட்டே போயிடறாங்க.

பாசிட்டிவையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. ஐஜிஎம் மாசக்கணக்குல தங்கும். கிட்ல போட்டிருக்கற நேரம் தாண்டிப் பார்த்தா, டி பக்கம் இல்லாத கோடும் மங்கலாத் தெரியும்.

முதல்ல உடம்பைப் பாருங்க. அக்குள், மார்புக்குக் கீழ, தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டற இடம். உண்ணிக்காய்ச்சல்னா சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால அவங்களே சொல்ல மாட்டாங்க. இருந்தா பிச்சுடாதீங்க, அதுல கிருமியையே தேடற பிசிஆர் டெஸ்ட் பார்க்கலாம்.

நைட்_டியூட்டி_நர்ஸ்:
சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரையை நிறையத் தண்ணியோட குடுங்க, உடனே படுக்க விடாதீங்க. பால், இரும்புச்சத்து மாத்திரை கூடவே வேண்டாம். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரி. தீவிரமான கேஸ்ல டாக்சிசைக்ளினோட அசித்ரோமைசின்ங்கற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்து ஊசியா போடறதே மேல்னு, வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தின ஆய்வு 2023ல வந்துச்சு.

குடியாத்தம்காரன்:
அக்கா பார்த்துட்டாங்க. இடது மார்புக்குக் கீழ ஒண்ணு. சூட்டுக் கொப்புளம்னு மஞ்சள் பூசி வெச்சிருக்காங்க! திரும்ப கார்டு போடணுமா?

லேப்மாமா:
காசு தண்டம். மஞ்சளைத் துடைச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. உண்ணிக்காய்ச்சல்னா டாக்சிசைக்ளினுக்குக் காய்ச்சல் பெரும்பாலும் 2 நாள்ல இறங்கிடும். இறங்கலைன்னா வேற என்னன்னு அவர் பார்க்கணும்.