அவசரம்: சதுர அலை சாய்ந்து வருகிறது, உதவுங்கள்

காவேரிப்பட்டணம் மாணவன்:
நாளை மறுநாள் புராஜெக்ட் காட்ட வேண்டும். சதுர அலை, முக்கோண அலை இரண்டும் தரும் ஜெனரேட்டர். சதுரம் சதுரமாகவே வரவில்லை, இரு ஓரமும் சாய்கிறது. ஐசியை மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. என்ன தவறு?

அரூர் சாலிடர்:
எந்த ஐசி? எத்தனை வோல்ட்? எந்த அதிர்வெண்? சுற்றுப்படம் எங்கே தம்பி?

பழைய ரேடியோ, தர்மபுரி:
சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை, ப்ரெட்போர்டுதான் காரணம். துளைகள் தளர்ந்தால் இப்படித்தான் ஆகும். எல்லாவற்றையும் பிடுங்கி, பொதுப் பலகையில் சாலிடர் செய்யுங்கள்.

ஓசூர் ஷிப்ட்:
555 டைமர் ஐசி என்றால், 5ஆம் காலில் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டீர்களா?

காவேரிப்பட்டணம் மாணவன்:
555 இல்லை அண்ணா. 741 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) இரண்டு. ஒன்று சதுர அலை தரும் ஸ்மிட் டிரிக்கர், மற்றது அதை முக்கோணமாக்கும் இன்டகிரேட்டர். ±12 வோல்ட். 100 ஹெர்ட்ஸில் நன்றாக இருக்கிறது, 10 கிலோஹெர்ட்ஸில்தான் கெடுகிறது.

அனலாக் வாத்தியார்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மூன்று பேர் நேரம் மிஞ்சியிருக்கும். ஐசியின் விவரத்தாளை, அதாவது டேட்டாஷீட்டைத் திறந்து பார்க்கும் பழக்கமே இன்றைய மாணவர்களிடம் இல்லை. 741-இன் ஸ்லூ ரேட், அதாவது வெளியீடு ஏறி இறங்கும் உச்ச வேகம், மைக்ரோவிநாடிக்கு 0.5 வோல்ட். உங்கள் வெளியீடு கீழிருந்து மேலே சுமார் 20 வோல்ட் ஏற வேண்டும், அதற்கு 40 மைக்ரோவிநாடி ஆகும். 10 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்றே 50 மைக்ரோவிநாடிதான். சதுரத்துக்கு இடம் எங்கே?

பழைய ரேடியோ, தர்மபுரி:
அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் புரோப் சரியாக ஈடுசெய்யப்படாவிட்டாலும் ஓரம் கெடும் ஐயா.

அரூர் சாலிடர்:
கெடும், ஆனால் வளைந்து கெடும். நேர்க்கோடாகச் சாய்ந்தால் அது ஸ்லூ ரேட். தம்பி, வளைகிறதா, நேராகச் சாய்கிறதா?

காவேரிப்பட்டணம் மாணவன்:
நேராக.

அரூர் சாலிடர்:
அப்படியானால் 741-க்குப் பதில் டிஎல்081 ஆப்-ஆம்ப் போடுங்கள். மைக்ரோவிநாடிக்கு 13 வோல்ட், கால் வரிசையும் 741 போலவே. டிஎல்082 வாங்கிவிடாதீர்கள். அதற்குள் இரண்டு ஆப்-ஆம்ப், கால்கள் வேறு. அதை 741 இடத்தில் செருகினால் வேலை செய்யாது.

ஓசூர் ஷிப்ட்:
1968இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741 ஐசியை இன்னும் ஆய்வகத்தில் மாணவர்கள் தலையில் கட்டுவதுதான் தவறு.

அனலாக் வாத்தியார்:
தவறே இல்லை. ஸ்லூ ரேட்டைக் கண்ணால் காட்ட 741-ஐவிட நல்ல ஐசி எது? குறை தெரிகிற பாகத்தில்தான் பாடம் ஏறும்.

ஓசூர் ஷிப்ட்:
பாடம் ஏறட்டும் ஐயா, அதற்காகப் புராஜெக்டில் பிள்ளையின் மதிப்பெண் போக வேண்டுமா? தம்பி, என்னிடம் இரண்டு டிஎல்081 சும்மா கிடக்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்து காலையில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்குவேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய ரேடியோ, தர்மபுரி:
ப்ரெட்போர்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் மாணவன்:
இரண்டையும் மாற்றினேன். ஓரம் நிமிர்ந்துவிட்டது. நன்றி அண்ணா.

அரூர் சாலிடர்:
மகிழ்ச்சி. ஸ்லூ தாமதத்தால் 741-இல் அதிர்வெண் கணக்கைவிடக் குறைந்திருக்க வேண்டும். இப்போது கணக்கோடு ஒத்துவருகிறதா? அளந்து சொல்லுங்கள்.

அரூர் சாலிடர்:
தம்பி?