மாலையில் ஹெஸ்பெரஸ், விடியலில் பாஸ்பரஸ்

மதி: பெரியப்பா, மாலையில் மேற்கே தெரியும் வெள்ளியைக் கிரேக்கர்கள் ஹெஸ்பெரஸ் என்றும் ரோமானியர்கள் வெஸ்பர் என்றும் அழைத்தார்களாம். ரோமானியர்கள் அந்தப் பெயரைக் கிரேக்கர்களிடமிருந்துதான் வாங்கினார்களா?

பெரியப்பா: இல்லை மதி. இரண்டும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். கிரேக்கத்தில் சொல்லின் முதலில் இருந்த வகர ஒலி தேய்ந்துவிட்டது, இலத்தீனில் அது நிலைத்துவிட்டது. இரண்டுக்குமே மாலை என்பதுதான் பொருள். மாலை என்றால் மேற்கு என்பதால் கிரேக்கர்கள் தங்களுக்கு மேற்கே இருந்த இத்தாலியை ஹெஸ்பெரியா என்றார்கள். இத்தாலியில் இருந்த ரோமானியர்களோ அதே பெயரை ஸ்பெயினுக்குத் தள்ளிவிட்டார்கள்!

சித்தி: விடியலில் கிழக்கே தெரிவதும் அதே வெள்ளிதானே, அத்தான்? அதற்கு ஏன் வேறு பெயர்?

பெரியப்பா: தொடக்கத்தில் இரண்டும் வெவ்வேறு விண்மீன்கள் என்றே நினைத்தார்கள். வெள்ளி சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகாது என்பதால், பல மாதம் மாலையில் தெரிந்து, சூரிய ஒளியில் சில நாள் மறைந்து, பிறகு விடியலில் தோன்றும். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் போர்க்காவியமான இலியட்டில் 22ஆம் காண்டத்தில், டிராய் நகர வீரன் ஹெக்டரைக் கொல்ல கிரேக்க வீரன் அகிலிஸ் ஓங்கிய ஈட்டிமுனை, வானின் மிக அழகிய விண்மீனான ஹெஸ்பெரஸைப் போல் மின்னுகிறது. அடுத்த காண்டத்திலேயே அகிலிஸின் நண்பன் பத்ரோக்ளஸின் சிதைத்தீ தணியும் வேளையில் எழும் விடிவெள்ளிக்கு, விடியலைக் கொணர்பவன் என்ற பொருளில் ஹியோஸ்பொரஸ் என்று பெயர்.

கண்ணன்: இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்தவர் பித்தகோரஸ் அல்லவா?

பெரியப்பா: ரோமானிய எழுத்தாளர் பிளினி அப்படித்தான் எழுதினார், கிரேக்கத் தத்துவஞானி பார்மெனிடிஸுக்கு அந்தப் பெருமையைத் தந்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இருவருக்குமே தர வேண்டியதில்லை. அம்மிசதுகா மன்னன் காலத்தில், அதாவது கி.மு. 17ஆம் நூற்றாண்டை ஒட்டி, பாபிலோனியர்கள் வெள்ளியின் மாலைத் தோற்றத்தையும் விடியல் தோற்றத்தையும் ஒரே கோளுக்கு உரியவையாகக் குறித்து வைத்தார்கள். அதை இஷ்தார் தேவிக்கு உரியதாகவும் கருதினார்கள். கிரேக்கர்கள் பின்னாளில் அதைத் தங்கள் காதல் தேவதையான அப்ரோடைட்டியின் விண்மீன் என்றது இந்த வழியில் வந்ததே என்பது அறிஞர்களின் கருத்து. ரோமானியர்கள் அப்ரோடைட்டியின் இடத்தில் தங்கள் தேவதையான வீனஸை வைத்தார்கள்.

மதி: வேதியியலில் வரும் பாஸ்பரஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பெரியப்பா: உண்டு. ஒளியைக் கொணர்பவன் என்ற பொருளில் பாஸ்பரஸ் என்பதும் விடிவெள்ளியின் கிரேக்கப் பெயர்தான். இலத்தீனில் அதே பொருளில் லூசிபர். 1669இல் ஹென்னிக் பிராண்ட் கண்டெடுத்த தனிமம் இருளில் ஒளிர்ந்ததால் அதற்கும் இந்தப் பெயர் அமைந்தது.