நன்கொடைப் படிவத்தில் பணம் வருகிறது, ஜிஏ4ல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கணக்கு வரவில்லை. அவசர உதவி

மாலைவகுப்பு:
எங்கள் அறக்கட்டளை தளத்தில் நன்கொடைப் பக்கத்துக்கு கூகுள் டேக் மேனேஜர் (பக்கத்தில் நடப்பதை ஜிஏ4க்குச் சொல்லும் டேக்குகளை வைக்கும் கருவி) போட்டிருக்கிறோம். ப்ரிவ்யூ என்ற சோதனைப் பார்வையில் டேக் ஃபயர் ஆகிறது (இயங்குகிறது), எல்லாம் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் பாதிகூட வரவில்லை, வந்ததிலும் பெரும்பாலானது பணம் வாங்கித் தரும் கேட்வே தளத்திலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. நாளை மறுநாள் நிர்வாகக் கூட்டம். எந்த வாட்ஸ்அப் செய்தியால் எவ்வளவு வந்தது என்று கேட்பார்கள். என்ன செய்வது, சீக்கிரம் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
எந்தப் படிவம்? ப்ளகினா, நீங்களே எழுதியதா, இல்லை வேறு யாருடைய படிவத்தையோ ஐஃப்ரேமில் (பக்கத்துக்குள் வேறு பக்கத்தைக் காட்டும் கட்டம்) பொருத்தியிருக்கிறீர்களா? டேக்கை இயக்கும் ட்ரிக்கர் என்ன, பட்டனை அழுத்தும்போதா, நன்றிப் பக்கம் திறக்கும்போதா? ரியல்டைமில் பார்த்தீர்களா, வழக்கமான ரிப்போர்ட்டிலா? வழக்கமான ரிப்போர்ட் நிரம்ப 24 முதல் 48 மணி நேரம் ஆகும், நேற்று வந்த பணத்தை இன்று தேடினால் கிடைக்காது. இவ்வளவும் சொன்னால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

சுக்கான்:
ஐஃப்ரேம்தான், சந்தேகமே வேண்டாம். படிவம் வேறு டொமைனில் இருந்து ஐஃப்ரேமுக்குள் வந்தால் உங்கள் பக்கத்தில் உள்ள டேக் மேனேஜருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது, பிரவுசரே விடாது. உள்ளேயும் டேக் போட்டு, அங்கிருந்து போஸ்ட்மெசேஜ் வழியாக வெளிப்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் அதைக் கேட்டு டேக் மேனேஜர் படிக்கும் டேட்டாலேயரில் தள்ள வேண்டும். படிவம் கொடுத்தவர்கள் ஒத்துழைத்தால்தான் முடியும்.

பழையகை:
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடும் வசதி இருப்பது எதற்கு? ப்ரிவ்யூவில் ஃபயர் ஆனால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் முதலில் ஜிஏ4க்கு வந்து சேர்வதைக் காட்டும் டீபக்வியூ என்றால் என்ன என்று படித்துவிட்டு வரட்டும். டேக் ஃபயர் ஆவது வேறு, சரியான மதிப்புகளோடு ஜிஏ4 போய்ச் சேர்வது வேறு. 2023 ஜூலையில் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நின்ற பிறகு எத்தனையோ பேர் பழைய டேக்கையே பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள். இவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

மாலைவகுப்பு:
ஐஃப்ரேம் இல்லை. வேர்ட்பிரஸ், அதில் ஒரு நன்கொடை ப்ளகின். பட்டனை அழுத்தினால் கேட்வே பக்கத்துக்குப் போகும், பணம் கட்டியதும் எங்கள் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பும். அந்தப் பக்கம் திறந்தால் பர்ச்சேஸ் ஈவென்ட் (பணம் வந்தது என்ற பதிவு) போகிற மாதிரி ட்ரிக்கர். ஜிஏ4 புதிதாகத்தான் போட்டோம், பழையது எதுவும் இல்லை. தொகையை அந்தப் பக்கத்தின் இணைய முகவரியிலிருந்து எடுக்கிறோம். முகவரி இப்படி இருக்கும் (மதிப்புகளை மாற்றியிருக்கிறேன்): /நன்றி?ஆர்டர்=1234&தொகை=₹1,000&பெயர்=அஆ&மெயில்=அஆ@இஈ&பான்=கசடதப

வைகைக்கரை:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. முதலில், தொகை வெறும் எண்ணாக இருக்க வேண்டும். ரூபாய்க் குறியும் காற்புள்ளியும் சேர்ந்து போனால் வருவாய்க் கணக்கில் சேராது. தொகையோடு கரன்சி ஐஎன்ஆர் என்று தனியாக அனுப்பவும் வேண்டும். கேட்வே தருகிற தொகையை நேரடியாக எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது பைசாவில் வருகிறதா என்று பாருங்கள். பல இடங்களில் 500 ரூபாய் 50000 என்றுதான் வரும்.

டிரான்சாக்‌ஷன் ஐடியில் என்ன போகிறது? அதை டீபக்வியூவில் பார்த்துச் சொல்லுங்கள். அது காலிச் சரமாகப் போனால் ஜிஏ4 அப்படி வரும் எல்லா பர்ச்சேஸையும் ஒரே நன்கொடை திரும்பத் திரும்ப வந்ததாக எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும்.

நிழல்மரம்:
எண்ணிக்கையை விடுங்கள். அந்த முகவரியைப் பார்த்தீர்களா? பெயர், மெயில், பான் எண், மூன்றும் முகவரியிலேயே போகிறது. பக்கத்தின் முழு முகவரியை ஜிஏ4 எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்தில் ஃபேஸ்புக்கின் டேக்கான பிக்சல் இருந்தால் அதற்கும் போகும். ஒருவரை அடையாளம் காட்டும் விவரம் எதையும் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதியிலேயே இருக்கிறது. நம்பிப் பணம் கொடுத்தவரின் பான் எண்ணை விளம்பரக் கம்பெனிக்குக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? முதலில் அதை நிறுத்துங்கள்.

சுக்கான்:
ஜிஏ4ல் டேட்டா ரிடாக்‌ஷன் இருக்கிறதே. டேட்டா ஸ்ட்ரீம் அமைப்பில் போய் எந்தெந்தப் பாராமீட்டரை மறைக்க வேண்டும் என்று எழுதினால் போதும், மெயில் முகவரியை அதுவே மறைக்கும். இதற்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை.

நிழல்மரம்:
அது ஜிஏ4க்கு மட்டும். மற்ற டேக்குகள் முழு முகவரியைத்தான் பார்க்கும். பிரவுசர் ஹிஸ்டரியில் இருக்கும், சர்வர் லாகில் இருக்கும், நன்றிப் பக்க இணைப்பை ஒருவர் குடும்பக் குழுவில் பகிர்ந்தால் அங்கேயும் போகும். முகவரியில் ஆர்டர் எண் மட்டும் போதும். இன்னும் கேட்டால், 500 ரூபாய் கொடுக்கிறவரிடம் பான் எதற்கு?

பழையகை:
வரிக் கழிவுக்கான 80ஜி ரசீதுக்கு. அறக்கட்டளை நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமான வரித் துறைக்கு விவரம் தாக்கல் செய்தால்தான் கொடுத்தவருக்குக் கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவே கிடையாது, அதனால்தான் எல்லோரும் ஆன்லைனுக்கு வருகிறார்கள். சட்டம் தெரியாமல் பேச வேண்டாம்.

நிழல்மரம்:
வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவு வேண்டாம் என்பவருக்கு அந்தக் கட்டம் கட்டாயமாக இருக்கக் கூடாது. வாங்கியது ரசீது எழுதும் இடத்தோடு நிற்க வேண்டும். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று, எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை. நன்கொடையாளர் பின்னால் டேக் போட்டு ஓடுவதே எனக்கு ஒப்பவில்லை.

தறிச்சத்தம்:
அதற்கு நான் மாறுபடுகிறேன், நிழல்மரம். சிறிய அறக்கட்டளையில் ஒரு நோட்டீஸ் அடிக்கவும் விளம்பரம் போடவும் செலவழிப்பது அதே நன்கொடைப் பணத்தைத்தான். எது பலன் தந்தது என்று தெரியாமல் மறுபடி மறுபடி செலவழித்தால் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம் வீணாகும். யார் கொடுத்தார் என்று ஜிஏ4க்குத் தெரிய வேண்டாம், எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால் போதும். இரண்டையும் பிரித்து வைக்க முடியும்.

மாலைவகுப்பு, உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் சோதித்துப் பார்த்தது எதில்? லேப்டாப்பிலா, போனிலா? கார்டிலா, யுபிஐயிலா?

மாலைவகுப்பு:
லேப்டாப்தான், கார்டு. போனில் பார்க்கவில்லை. கேட்வே டாஷ்போர்டில் இருப்பதில் முக்கால்வாசி யுபிஐ. டிரான்சாக்‌ஷன் ஐடி சரியாகப் போகிறது, பார்த்துவிட்டேன்.

தறிச்சத்தம்:
அப்படியானால் காரணம் அதுதான். போனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பைத் தொடுகிறார், பக்கம் திறக்கிறது, யுபிஐயைத் தேர்ந்தெடுக்கிறார், ஜிபே திறக்கிறது, பின் எண் போடுகிறார், பச்சை டிக் வந்து அந்தச் சத்தமும் கேட்கிறது. அவர் வேலை முடிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். பிரவுசருக்குத் திரும்ப அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பிரவுசர் பின்னால் தூங்குகிறது, நன்றிப் பக்கம் திறக்கவே இல்லை, பிறகு டேக் எங்கே ஃபயர் ஆகும்? பணம் வந்துவிட்டது, கணக்கு வரவில்லை. லேப்டாப்பில் கார்டு போட்டால் ஓடிபி முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும், அதனால் உங்கள் சோதனையில் எப்போதும் சரியாகவே காட்டும்.

பணம் வந்ததை உறுதியாகச் சொல்வது கேட்வே அனுப்பும் வெப்ஹுக் என்ற தகவல்தான். அது பிரவுசரை நம்பி இல்லை, உங்கள் சர்வருக்கு நேராக வரும். வந்ததும் சர்வரிலிருந்து மெஷர்மென்ட் புரோட்டோகால் வழியாக ஜிஏ4க்கு பர்ச்சேஸ் அனுப்புங்கள். இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. எந்த விசிட்டர் என்று ஜிஏ4க்குத் தெரிய க்ளையன்ட் ஐடி வேண்டும், அது பிரவுசர் குக்கியில் இருக்கிறது. படிவத்தை அனுப்பும் நேரத்திலேயே அதையும் செஷன் ஐடியையும் எடுத்து ஆர்டரோடு சேமித்துவிட வேண்டும். வெப்ஹுக் வந்த பிறகு தேடினால் கிடைக்காது. க்ளையன்ட் ஐடி இல்லாமல் அனுப்பவே முடியாது. அதற்குப் பதில் ஏதோ ஒரு ஐடியைப் போட்டு அனுப்பினால் தொகை வரும், வாட்ஸ்அப்பா ஃபேஸ்புக்கா என்பது வராது. உங்கள் கூட்டத்தில் கேட்பதே அதுதானே.

அப்புறம், இதை வாங்கும் கூகுள் சர்வர் தவறான தகவலை அனுப்பினாலும் சரி என்றே பதில் சொல்லும். முதலில் அதன் டீபக் முகவரிக்கு அனுப்பிப் பிழை வருகிறதா என்று பாருங்கள். நன்றிப் பக்கத்தில் உள்ள பர்ச்சேஸ் டேக்கை எடுத்துவிடுங்கள், இரண்டும் இருந்தால் என்றைக்காவது இரட்டிப்பாகும்.

வைகைக்கரை:
தறிச்சத்தம் சொன்னதுதான் சரி. கேட்வே பெயரில் வருவதற்குத் தனி வைத்தியம்: அட்மின், டேட்டா ஸ்ட்ரீம், டேக் செட்டிங்ஸ், அதில் வேண்டாத ரெஃபரல் (வந்த வழியாகக் கணக்கில் எடுக்க வேண்டாத தளங்கள்) பட்டியல் இருக்கும். கேட்வே டொமைனை அங்கே சேருங்கள். திரும்பி வரும்போது பழைய வழியே நிற்கும். ஏற்கெனவே பதிவானது மாறாது, இனி வருவதற்குத்தான்.

வாட்ஸ்அப் இணைப்பில் யுடிஎம் (எங்கிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்பு) போட்டிருக்கிறீர்களா? ஆப்பிலிருந்து வருவது பெரும்பாலும் டைரக்ட் (வழி தெரியாதது) என்றுதான் விழும். ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி கேம்பெயின் பெயர் வேண்டும்.

சுக்கான்:
டேக்குகளைத் தடுக்கும் ஆட்பிளாக்கர் வைத்திருப்பவர்களையும் மறக்க வேண்டாம். அதுவும் ஒரு பங்கு.

தறிச்சத்தம்:
ஒரு பங்குதான். ஆனால் வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டு வருகிறவர்களில் அது வைத்திருப்பவர் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளி அதனால் வராது.

பழையகை:
வேர்ட்பிரஸ்காரர்கள் வெப்ஹுக் எழுதப் போகிறார்களா? ப்ளகினிலேயே அதற்கு ஆட்ஆன் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கேட்வே தன் தகவலோடு அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் வெப்ஹுக்கைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் பொய்க் கணக்கு அனுப்பலாம்.

வைகைக்கரை:
கையொப்பம் பற்றிச் சொன்னது மிக முக்கியம். அதைத் தவிர்க்கவே கூடாது.

நிழல்மரம்:
பான் என்ன ஆயிற்று என்று இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

மாலைவகுப்பு:
முகவரியில் இப்போது ஆர்டர் எண் மட்டும். ப்ளகின் செட்டிங்கிலேயே இருந்தது. பான் கட்டத்தையும் விருப்பத்துக்கு விட்டுவிட்டோம். ரெஃபரல் பட்டியலில் கேட்வேயைச் சேர்த்தாயிற்று. வெப்ஹுக் வேலையைத் தெரிந்த தம்பி ஒருவர் செய்து தருகிறார், போனில் யுபிஐ போட்டுப் பார்த்தோம், பிரவுசருக்குத் திரும்பாமலேயே பதிவானது, தொகையும் சரி. கூட்டத்துக்கு கேட்வே டாஷ்போர்டு கணக்கையே கொண்டு போகிறேன். தறிச்சத்தம் அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

புதுவரவு:
இதே பிரச்சினைதான் எனக்கும், ஆனால் மாதாமாதம் யுபிஐ ஆட்டோபேயில் பிடிக்கிற நன்கொடை. இரண்டாம் மாதத்திலிருந்து வருவதையும் பர்ச்சேஸாகவே அனுப்பலாமா?

தறிச்சத்தம்:
வேறு ஈவென்ட் பெயரில் அனுப்புங்கள். அன்றைக்கு அவர் தளத்துக்கே வரவில்லை. பர்ச்சேஸில் கலந்தால் புதிதாகக் கொடுத்தவர் யார், தொடர்கிறவர் யார் என்று பிரிக்க முடியாது. எந்தக் கேட்வே, எந்தப் ப்ளகின் என்று சொல்லுங்கள்.