குழந்தைக்கு மரப்பு ஊசி: கிளினிக்கில் பார்த்தவை, கவனிக்க வேண்டியவை

பதிவு:
நம்மூர் பல் கிளினிக்குகள் பலவற்றில் மரப்பு மருந்து 30 மி.லி. குப்பியில்தான் புழக்கம். அதனால் டோஸை ‘ஒரு சிரிஞ்ச், ரெண்டு சிரிஞ்ச்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தயவுசெய்து மி.கி.யில் கணக்குப் போடுங்கள். 2% லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி. மருந்து. கிலோவுக்கு 4.4 மி.கி. வரம்பு என்றால், 15 கிலோ குழந்தைக்கு 66 மி.கி., அதாவது 3.3 மி.லி. மட்டுமே. 2 மி.லி. சிரிஞ்சை இரண்டு முறை நிரப்பினாலே 80 மி.கி.!

வரம்பு தாண்டுவது எப்படித் தெரியுமா? வலது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி). மரக்கவில்லை, மறுபடி ஒன்று. ‘வந்ததோட அந்தப் பக்கமும் எடுத்துடுங்க டாக்டர்’ என்கிறார் அப்பா. அங்கேயும் ஒன்று. வயதை வைத்து எடையை ஊகிக்காமல், முதலில் தராசில் நிறுத்துங்கள். இரண்டாம் பக்கத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

மறுமொழி:
ஊசிக்கு முன் ஈறை மரக்கச் செய்யும் 10% லிக்னோகெய்ன் ஸ்பிரேயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு அழுத்துக்கு 10 மி.கி. நேரே வாய்க்குள் அடித்தால் தொண்டையும் மரத்துப் புரையேறும். ஈறைத் துடைத்துவிட்டு, பஞ்சில் அடித்து ஒத்தி எடுங்கள்.

பிளாக் மரக்காமல் போனால் மருந்தைக் கூட்டுமுன் ஊசியின் உயரத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு கீழ்த்தாடை எலும்பில் நரம்பு நுழையும் துளை, பற்கள் கடிக்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கும். பெரியவர்களுக்குக் குத்தும் உயரத்தில் குத்தினால் தவறும். சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்து, ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்துங்கள், ஒரு மி.லி.க்கு ஒரு நிமிடம்.

தூக்க சிரப் கொடுத்த குழந்தைக்கு டோஸை இன்னும் குறைக்க வேண்டும். மூச்சு மந்தமானால் ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, குறைந்த அளவிலேயே வலிப்பு வரலாம். ஊசிக்குப் பிறகு திடீரென்று சோர்ந்தால் ‘நல்லா அடங்கிட்டான்’ என்று நிம்மதி அடையாதீர்கள். மருந்து மூளையைத் தொட்டிருக்கலாம். உடனே நிறுத்தி மூச்சைக் கவனியுங்கள், ஆக்சிஜன் கொடுங்கள்.

மறுமொழி:
மறுநாள் உதடு வீங்கி, மேலே வெள்ளையாகப் படர்ந்து, ‘சீழ் வெச்சிடுச்சு’ என்று பதறி வருவார்கள். பெரும்பாலும் மரத்த உதட்டைக் குழந்தை கடித்த புண்தான். அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், உதட்டில் வாசலின், வலித்தால் எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். பல்லைச் சரிசெய்த பக்கம் எது, எத்தனை மணி வரை சாப்பாடு கூடாது என்று அம்மாவிடம் எழுதியே கொடுங்கள். கீழ்த்தாடை பிளாக் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தையைத் தூங்கவும் விடக்கூடாது.