கொழும்பில் உளவளத்துணை நாடும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு

வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்கு வந்து, தூக்கம் கெட்டு மனம் சோர்ந்த நிலையில் யாரிடம் போவது என்று இங்கே கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் பல ஆண்டுகளாக உளவளத்துணைப் பணியில் இருக்கிறேன். நீங்கள் மனநல ஆலோசனை என்பதை இங்கே உளவளத்துணை என்போம். அந்தச் சொல்லைக் கொண்டே விசாரியுங்கள்.

இருவரும் தமிழர்தானே, சொன்னதெல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் முதலில் காலை வாருகிறது. திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம், முதற் சந்திப்பில், "கனக்க யோசிக்கிறீங்களோ?" என்று கேட்டேன். எங்கள் பேச்சில் கனக்க என்றால் நிறைய, யோசிப்பது என்றால் கவலைப்படுவது; உங்கள் பேச்சிலோ யோசிப்பது என்றால் சிந்திப்பது. "யோசிக்காதீங்கோ" என்றுதான் ஆறுதல் சொல்வோம். அவர், "யோசிக்கவே முடியலைங்க" என்றார். கவலை பெரிதாக இல்லை என்று குறித்துக்கொண்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடியே அசையாமல் நின்றதாக மூன்றாம் சந்திப்பில் அவர் சொன்னபோதுதான், மனம் எதிலும் ஒன்றாத அந்த நிலையை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார் என்பது எனக்கு உறைத்தது. இரண்டு சந்திப்புகள் வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆகவே ஒரு சொல்லோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று நடந்ததையே சொல்லுங்கள்.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற, மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டில், நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை அறிவதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் ஒன்று உள்ளது. உங்கள் சிக்கலை வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள், அதற்கு எது காரணம் என்று நினைக்கிறீர்கள் என்பன போன்றவை அதில் கேட்கப்படுகின்றன. உங்களிடம் யாரும் கேட்காவிட்டாலும், இவற்றுக்கான பதிலை எழுதிக்கொண்டு போங்கள். கண்ணேறு, கிரகதோஷம் என்று வீட்டில் பேசிக்கொள்வதையும் மறைக்க வேண்டாம்.

வினாத்தாள்களில் இன்னும் கவனம் வேண்டும். பிஎச்கியூ-9 என்பது மனச்சோர்வை அளக்க, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் ஒன்பது கேள்விகள். மொத்தம் 27 புள்ளிகள். தூக்கம், பசி, களைப்பு மூன்றும் அதில் உண்டு. வீடு மாறிய அலைச்சலிலோ கந்தசஷ்டி விரதத்திலோ அதை நிரப்பினால், அந்த விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். எண் மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை.

பிள்ளைகளின் நுண்ணறிவுச் சோதனையில்தான் எனக்கு அதிகக் கவலை. மதுரையில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு, இங்கே சர்வதேசப் பாடசாலையில் சேர்ந்த சில மாதங்களில் ஆங்கிலச் சொல்வளச் சோதனை வைத்தால், வெளிப்படுவது அறிவின் குறையா, மொழிப் பழக்கத்தின் குறையா என்று பிரித்தறிய முடியாது. சோதனை எந்த மொழியில் நடந்தது, எந்த நாட்டுப் பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிடப்பட்டது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. ரேவனின் படவரிசைச் சோதனை போலச் சொற்கள் தேவைப்படாதவை உண்டு. அவையும் பண்பாட்டின் பாதிப்பு முற்றிலும் அற்றவை அல்ல.

வைத்தியர் சிங்களம் பேசுபவரானால், கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கணவர் முன்னிலையில் சொல்ல முடியாததே பல வேளைகளில் நோயின் வேராக இருக்கும். தமிழ் தெரிந்த தாதி (நர்ஸ்) ஒருவரை மொழிபெயர்க்கக் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை உடனே அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.