மறுமொழி: மீன்தொட்டி 'சைக்ளிங்' – தமிழில் என்ன சொல்வது?

ஆம்பல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி மாணவர்கள் முதன்முதலாகச் செடி வளரும் மீன்தொட்டி வைப்பதற்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. 'சைக்ளிங்' என்ற ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது. 60 லிட்டர் தொட்டியில் மணல் பரப்பி, செடி நட்டு, வடிகட்டியை இரவும் பகலும் ஓடவிட்டு, மீன் விடாமல் 4 முதல் 6 வாரம் காத்திருக்கிறோமே, அது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேறும் காலம். இப்போதைக்குச் 'சுழற்சிப்படுத்தல்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே நிறைவில்லை.

கெண்டை எழுதியது:

சுழற்சி வேண்டவே வேண்டாம். படிக்கிற பிள்ளை, மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடுவது என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் சுற்றவிட்டு மறுநாள் மீனை விட்டால், மூன்றாம் நாள் கழிவின் அம்மோனியா நஞ்சாகி மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும்.

பொருளும் பொருந்தவில்லை. குளத்திலும் மண்ணிலும் நைட்ரேட் மறுபடி நைட்ரஜன் வளியாகிக் காற்றுக்குத் திரும்புவதால் அங்கே வட்டம் மூடுகிறது. சாதாரணத் தொட்டியில் பெரும்பாலும் நைட்ரேட்டோடு பாதை முடிந்துவிடும். மிஞ்சியதைச் செடி உண்ண வேண்டும், இல்லையேல் வாரம் கால்பங்கு நீரை மாற்றி நாம்தான் வெளியேற்ற வேண்டும்.

என் பரிந்துரை 'தொட்டி பழக்குதல்'. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிறோம், கல்சட்டியைப் பழக்குகிறோம். வாங்கின அன்றே உதவாத பொருளை நாள் கொடுத்து வேலைக்கு ஆயத்தமாக்கும் செயலுக்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது.

நெட்டி எழுதியது:

இலங்கைப் பாடநூல்களில் நைட்ரஜன் சுழற்சியை நாங்கள் 'நைதரசன் வட்டம்' என்று படித்தோம். அதனால் 'சுழற்சி' எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் தூரம். ஆனால் 'பழக்குதல்' பற்றி எனக்கு ஓர் ஐயம். மீனைப் பையோடு 15 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றுவோம் அல்லவா? அதைத்தான் மீனைத் தண்ணீருக்குப் பழக்குதல் என்று எல்லோரும் சொல்கிறோம். ஒரே கையேட்டில் இரண்டுக்கும் ஒரே வினை வந்தால் குழப்பம்தான்.

கோரை எழுதியது:

ஐயா, அடுக்களை வரை போனவர்கள் தயிர்ப்பானையைப் பார்க்காமல் திரும்பிவிட்டீர்களே. இது உறை ஊற்றுவது. சில வீடுகளில் பிரை என்பார்கள், புரை என்பார்கள். பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புது வடிகட்டியில் வைத்தால் ஆறு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்குகிறது. ஒரு துளி மோர் ஒரு குடம் பாலை மாற்றும் அதே வேலை. புறநானூறு 276 இதைத்தானே பாடுகிறது: "மடப்பால் ஆய்மகள் வள்உகிர்த் தெறித்த குடப்பால் சில்உறை போல". நகத்தால் தெறித்த சிறு உறை! பெரும்பாணாற்றுப்படையிலும் "உறையமை தீந்தயிர்" உண்டு.

உறைதல் என்றால் தங்குதலும்தான். உறையுள், உறைவிடம், உறையூர். நுண்ணுயிர் பஞ்சில் உறைகிறது, உறையால் உறைகிறது. எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. கிணற்று உறையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம், அதைத் தனி இழையில் எழுதுகிறேன். ஆகவே 'உறையேற்றம்'.

கெண்டை எழுதியது:

அதே பாட்டின் அடுத்த அடியையும் படியுங்கள்: "படைக்கு நோயெல்லாம் தான் ஆயினனே". அங்கே சில்லுறை போன்ற ஒரு வீரன் எதிரிப் படையின் நிலையைக் குலைக்கிறான். தொட்டிக்கு நலம் செய்வதற்கு அந்த உவமையா? மேலும் 'உறை' என்றதும் இன்றைய மாணவருக்குப் பனிக்கட்டிதான் நினைவு வரும். பழைய பஞ்சு கிடைக்காதவர் நிலையும் இருக்கிறது. அவர் அம்மோனியம் குளோரைடு இட்டுத் தொடங்குகிறார். 60 லிட்டருக்கு ஏறத்தாழ 0.4 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும். அதில் உறையே இல்லை.

நெட்டி எழுதியது:

சொல் எதுவானாலும், எப்போது முடிந்தது என்பதைக் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள். அந்த 2 மில்லிகிராம் 24 மணி நேரத்தில் முற்றும் மறைய வேண்டும், நைட்ரைட்டும் சுழியம் காட்ட வேண்டும். அதன்பின் பாதி நீரை மாற்றி மீன் விடலாம்.

இடையில் தடைப்படுவதற்கு இரண்டு காரணம் கட்டாயம் சேர்க்கவும். ஒன்று, மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ மட்டும் நிரப்புவது. அம்மோனியா நைட்ரேட்டாகும் மாற்றம் நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அந்நீரில் குறைவாகவே உள்ள அந்த இருப்பு தீர்ந்து பி.எச். 6-க்குக் கீழ் இறங்கினால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். இன்னொன்று, பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவது. குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

செடி அடர்ந்த தொட்டியில் அம்மோனியாவைச் செடியே நேராக உறிஞ்சிவிடுவதால் நைட்ரைட் ஏறாமலே போகலாம். பரிசோதனைக் குப்பியில் நிறம் மாறவில்லையே என்று பிள்ளைகள் மேலும் மேலும் அம்மோனியா ஊற்றுவார்கள். அதைத் தடுத்து ஒரு வரி வேண்டும்.

ஆம்பல் எழுதியது:

நன்றி. நேரம் இல்லாததால் முடிவு செய்கிறேன். காத்திருக்கும் காலம் முழுவதற்கும் 'தொட்டி பழக்குதல்'. மீனுக்கு 'நீருக்கு இணக்குதல்'. கோரை ஐயாவின் சொல்லை விட மனமில்லை: பழைய தொட்டியிலிருந்து எடுத்து வைக்கும் துண்டுக்கு 'உறைப்பஞ்சு'. முதல் வருகையில் அடைப்புக்குள் 'சைக்ளிங்' இருக்கும். கடைக்காரரிடம் பேச அது வேண்டும்.

கோரை எழுதியது:

உறைப்பஞ்சுக்கு நன்றி. ஆனால் அடைப்புக்குறியை ஏற்கமாட்டேன். அதை எழுதினால் பிள்ளைகள் அதை மட்டுமே படிப்பார்கள். 'பழக்குதல்' என்பதும் யார் வேலை செய்கிறார் என்பதை மறைக்கிறது. தோசைக்கல்லை எண்ணெயும் சூடும் பழக்குகின்றன, தொட்டியை உயிர்கள் பழக்குகின்றன. அடுத்த பதிப்புக்கு முன் 'உறையேற்றம்' மறுபடி பேசப்பட வேண்டும். கிணற்று உறை பற்றிய மடல் நாளை வரும்.